அனுமதிப்பத்திரமும் இசைவாணரும்

1958ஆம் ஆண்டில் டேவ் புரூபெக் என்னும் அமெரிக்கப் பியானோக் கலைஞர் தமது நால்வர் குழுவுடன் கொழும்புக்கு வந்து இசை நிகழ்ச்சி நடாத்தினார். 1963ஆம் ஆண்டில் டியூக் எலிங்டன் தமது பெரிய வாத்தியக் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். இவ்விரு பயணங்களையும் ஒழுங்கு செய்தது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமாகும். வல்லரசுகளிடையே பனிப்போர் மூண்டிருந்த அந்நாள்களில், கறுப்பின மக்கள் தோற்றுவித்த ஜாஸ் இசை, ‘சுதந்திர உலகின்’ குரலென ஆசிய ஆபிரிக்க மக்கள் முன் வைக்கப்பட்டது. அவ்விசையின் பெருமையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், அதே ஆண்டுகளில் ஜாஸ் இசையின் தலைநகராகிய நியூயோர்க்கில் நிலைமை யாதாயிருந்தது? மது விற்கும் இராவிடுதி ஒன்றில் வாசிக்க விரும்பிய இசைவாணர் பொலிஸ் அலுவலகத்துக்குச் சென்று, நிழற்படம் எடுக்கப்பட்டு, கைவிரல் அடையாளமும் பதித்து, ஓர் அட்டையைப் பெறவேண்டியிருந்தது. அட்டை மறுக்கப்பட்டவருக்கு அந்நகர விடுதிகளில் முறையான வேலை இல்லை. குற்றவாளிகளுக்கு விதிக்கப்படும் இம்முறை கலைஞர்மீது எவ்வாறு வந்து படிந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருளாகும்.

மதுவிடுதி, அதற்குரிய அனுமதிப்பத்திரம் என்றவுடன் நம் வாசகரிற் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். அது இயல்பே. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கம், குடியேற்ற ஆட்சியின் சாராய வருமானத்தை எதிர்த்த இயக்கமுமாகும். மக்களைக் குடியிலாழ்த்திக் கருவூலத்தை நிரப்பிய அரசை எதிர்த்தவர்கள் தேசிய விழிப்பின் முன்னோடிகளாயினர். மதுவினால் உழைப்பாளர் குடும்பங்கள் அழிவதை அன்றாடம் காணும் ஆசிரியர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் தேவையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், மதுவைக் கட்டுப்படுத்தவென்று ஆக்கப்பட்ட அதிகாரம் மதுவோடு நின்றுவிட்டதா என்பது வேறொரு வினா. நியூயோர்க்கின் வரலாறு அவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

முதலில், இசைக்கும் மதுவிற்பனைக்கும் இடையேயுள்ள பொருளாதார உறவை விளங்கிக்கொள்ளல் வேண்டும். எக்காலத்திலும் இசைக்கு ஒரு புரவலர் தேவைப்பட்டார். மன்னனும் மதபீடமும் ஒரு காலத்திற் புரந்தனர். முதலாளித்துவம் வளர்ந்தபின் செல்வர்கள் கச்சேரி மண்டபங்களைக் கட்டினர். உருக்குத் தொழிலதிபரான அன்றூ கார்னெகியின் பணத்திலெழுந்த மண்டபம் 1891ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் திறக்கப்பட்டது. ஆனால், அடிநிலை மக்களின் இசையைப் புரப்பதற்கு மன்னனும் இல்லை, உருக்கதிபரும் இல்லை. அவ்விசை மக்கள் கூடிய இடங்களில், அதாவது தவறணைகளிலும் உணவுச்சாலைகளிலும் நடனக்கூடங்களிலும் வளர்ந்தது. அங்கே நுழைவுக் கட்டணத்தால் மட்டும் ஐவர் குழு ஒன்றுக்குக் கூலி கொடுத்தல் அரிது. குடிவகையில் வரும் இலாபமே வாடகையையும் விளக்குக்கட்டணத்தையும் இசைவாணர் கூலியையும் கொடுத்தது. ஆகவே மதுவிற்பனை அனுமதிப்பத்திரம் விடுதிக்காரரின் உயிர்நாடியாயிற்று. அவரது உயிர்நாடி எவர் கையில் இருந்ததோ, அவர் கையிலேயே இசைவாணரின் பிழைப்பும் இருந்தது.

இவ்வுறவை ஆளும் வர்க்கத்தினர் வெகு முன்னரே உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் மலிவான ஜின் மது பெருகி, ஏழைகளின் நடமாட்டம் குறித்து மேலோர் அச்சமுற்றிருந்த காலத்தில், 1751ஆம் ஆண்டில், ஒரு சட்டம் பிறந்தது. இலண்டனிலும் அதைச் சுற்றி 20 மைல் தூரத்துக்குள்ளும் பொதுமக்களுக்காக இசையோ நடனமோ நடாத்தும் இடம் நீதவான்களிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. திருட்டுக்கும் ஒழுங்கீனத்துக்கும் காரணம் ஏழைகளின் கேளிக்கையே என்னும் கருத்து அச்சட்டத்தின் அடித்தளமாயிருந்தது. இத்தகைய சிந்தனையே அத்திலாந்திக்குக்கு அப்பாலும் பின்னாளில் உருக்கொண்டது. ஆயின், அங்கு வர்க்க அச்சத்தோடு நிற அச்சமும் சேர்ந்துகொண்டது.

முதலாம் உலகப் போர்க் காலந்தொட்டு, ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வடபுலத் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதி அவர்களின் பண்பாட்டு மையமாயிற்று. இதே காலத்தில், 1920ஆம் ஆண்டு சனவரியில், நாடு முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சட்டம் மதுவைத் தடைசெய்ததே தவிர, குடியை ஒழிக்கவில்லை. வணிகம் சட்டத்துக்குப் புறம்பான கும்பல்களின் கைக்கு மாறிற்று. ஹார்லெமிற் புகழ்பெற்ற கொட்டன் கிளப் என்னும் விடுதியை நடாத்தியவர் ஓவ்னி மாடன் என்னும் கும்பற் தலைவர். அங்கு ஆடியவரும் பாடியவரும் கறுப்பினத்தவர், பரிமாறியவரும் அவர்களே. பார்வையாளராக அனுமதிக்கப்பட்டோர் வெள்ளையர். 1927ஆம் ஆண்டு டிசெம்பர் தொடக்கம் டியூக் எலிங்டன் தமது இசையை அம்மேடையிலேயே வளர்த்தார். கறுப்பரின் கலை வேண்டும், அருகில் அமரும் கறுப்பர் வேண்டா என்ற அந்த ஏற்பாட்டைச் சட்டம் தடுக்கவில்லை.

சட்டம் தடுக்க விரும்பியது வேறொன்றாகும். 1926ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநகரசபை ‘கபரே சட்டம்’ எனப்பட்ட ஒன்றை நிறைவேற்றிற்று. ஜிம்மி வோக்கர் அப்பொழுது மாநகர முதல்வர். பொதுமக்களுக்கு உணவோ பானமோ விற்கும் இடத்தில் வாத்திய இசை, பாட்டு, நடனம் ஆகிய கேளிக்கைகள் நிகழுமாயின், அவ்விடம் தனியாக ஓர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என அது விதித்தது. இச்சட்டம் பிறந்த ஆண்டை நோக்குதல் தகும். மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலம் அது. எந்த விடுதியும் சட்டப்படி மது விற்க முடியாது. அப்படியிருக்க, இசைக்கும் நடனத்துக்கும் புதிதாக அனுமதிப்பத்திரம் எதற்கு? இரவில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின்கீழ் ஆடிப்பாடிய ஹார்லெம் விடுதிகளைப் பற்றிய கலக்கமே அதற்குத் தூண்டுகோலாயிற்று என வரலாற்றாசிரியர் பலர் காட்டியுள்ளனர். பின்னாளில் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடிய சட்டத்தரணி போல் செவிக்னி, 1991ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார்.

1931ஆம் ஆண்டில் கபரே சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பொலிசாரின் கைக்கு மாறிற்று. 1933ஆம் ஆண்டு டிசெம்பரில் மதுவிலக்கு நீக்கப்பட்டது. அதனை நீக்கிய அரசியலமைப்புத் திருத்தம் மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அந்தந்த மாநிலத்துக்கு விட்டது. நியூயோர்க் மாநிலத்தில் 1934ஆம் ஆண்டில் மது அதிகாரசபை ஒன்று அமைந்தது. இவ்வாறாக, இசையுள்ள ஒரு விடுதியை நடாத்த விரும்பியவர் மது விற்க மாநிலத்திடமும், இசை வழங்க நகரத்திடமும் அனுமதி பெறவேண்டியவரானார். இரண்டில் ஒன்று பறிபோயினும் கதவு அடைபடும். மேலும், மாநில மதுச்சட்டம் அனுமதிப்பத்திரம் பெற்றவரின் சொந்த நடத்தையோடு நிற்கவில்லை. பாரதூரமான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோரை, அதிகாரசபையின் ஒப்புதலின்றி, அவர் வேலைக்கு அமர்த்தலாகாது எனவும் அது கூறிற்று. இதன் விளைவு யாது? அரசு செய்யவேண்டிய கண்காணிப்பை முதலாளியே செய்யத் தொடங்கினார். ஐயத்துக்குரிய இசைவாணர் ஒருவரை மேடையேற்றித் தமது முழு மூலதனத்தையும் பணயம் வைக்க எந்த விடுதிக்காரர் துணிவார்?

1940ஆம் ஆண்டில், பியோரெல்லோ லா குவார்டியா மாநகர முதல்வராயிருந்த காலத்தில், இக்கண்காணிப்பு முழுமை பெற்றது. கபரே விடுதிகளில் வேலைசெய்வோர் யாவரும் பொலிசாரிடம் அடையாள அட்டை பெறவேண்டும் என்ற விதி வந்தது. இசைவாணர் மாத்திரமன்றிப் பரிசாரகரும் சமையலாளரும் இதற்கு உட்பட்டனர். லா குவார்டியா சீர்திருத்தவாதியெனப் பெயர் பெற்றவர், தொழிலாளர் பலரின் ஆதரவையும் பெற்றவர். அவரது ஆட்சியிலேயே இது நிகழ்ந்தமை நம் கவனத்துக்குரியது. தீய எண்ணங் கொண்டோரால் மட்டும் அடக்குமுறை உருவாவதில்லை. நகரைத் துப்புரவாக்குவோம் என்று புறப்பட்டவர்களும், எவரைத் துப்புரவாக்குகிறோம் என்று வினவாதவிடத்து, அதே கருவிகளை ஆக்கித் தருகின்றனர்.

இக்கட்டுப்பாடுகளுக்கு நடுவே, மாறான ஓர் எடுத்துக்காட்டும் இருந்தது. 1938ஆம் ஆண்டு டிசெம்பரில் பார்னி ஜோசப்சன் என்பவர் கிரினிச் வில்லேஜ் பகுதியில் ‘கபே சொசைட்டி’ என்னும் விடுதியைத் திறந்தார். மேடையிற் போலவே மேசைகளிலும் வெள்ளையரும் கறுப்பரும் சமமாக அமரலாம் என்பது அவ்விடத்தின் கொள்கை. 1939ஆம் ஆண்டில் பில்லி ஹொலிடே அங்கே ‘விசித்திரக் கனி’ என்னும் பொருள்படும் தலைப்பையுடைய பாடலைப் பாடினார். தென்மாநிலங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பரைக் கொன்று மரங்களிற் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றியது அப்பாடல். அதனை இயற்றிய ஏபெல் மீரோபொல், பிரொங்ஸ் பகுதியில் உயர்தரப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், பொதுவுடைமையாளர். பாடசாலை ஆசிரியர் ஒருவரின் பாடலுக்குக் கச்சேரி மண்டபம் தராத மேடையை மது விற்ற ஒரு நிலவறை தந்தது. 1947ஆம் ஆண்டில் ஜோசப்சனின் சகோதரர் லியோன், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவின்முன் சாட்சியமளிக்க மறுத்துச் சிறை சென்றார். பத்திரிகைகளின் தூற்றலால் வாடிக்கையாளர் அருகினர். நாற்பதுகள் முடியுமுன் கபே சொசைட்டி பார்னி ஜோசப்சனின் கையைவிட்டுப் போயிற்று.

பில்லி ஹொலிடேயின் கதி இன்னும் கொடியது. 1947ஆம் ஆண்டு மே மாதம் போதைப்பொருள் வழக்கில் அவர் சிறைக்கனுப்பப்பட்டார். 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விடுதலையானார். நீதிமன்றம் விதித்த தண்டனை அத்துடன் முடிந்தது. கபரே அட்டை மறுக்கப்பட்டமையால் அடுத்த தண்டனை தொடங்கிற்று. விடுதலையாகிச் சில நாள்களில், மார்ச்சு 27ஆம் நாள், கார்னெகி மண்டபத்தில் அவர் பாடினார், மண்டபம் நிரம்பிற்று. அங்கு பாட அவருக்கு அட்டை தேவைப்படவில்லை. கபரே சட்டம் உணவும் குடியும் விற்கும் விடுதிகளையே பற்றியது. கார்னெகி மண்டபம் கச்சேரி மண்டபம். அதே பெண், அதே குரல், அதே பாடல்கள். கனவான்கள் கட்டணம் செலுத்திக் கேட்கும் மண்டபத்தில் அவர் கலைஞர். சாதாரண மக்கள் ஒரு கோப்பையுடன் அமர்ந்து கேட்கும் விடுதியில் அவர் சமூகத்துக்கு ஆபத்தானவர். ஆனால் மண்டபக் கச்சேரி ஆண்டுக்கு ஓரிரு முறை வாய்ப்பது. வாரந்தோறும் கிடைக்கும் விடுதி வேலையே இசைவாணரின் சோறு. 1959ஆம் ஆண்டு யூலை மாதம் இறக்கும்வரையும் பில்லி ஹொலிடேக்கு அட்டை திரும்பக் கிடைக்கவில்லை.

நவீன ஜாஸ் இசையின் பிதாக்களுள் ஒருவரான சார்லி பார்க்கர் 1951ஆம் ஆண்டில் அட்டையை இழந்தார். போதைப்பொருள் வழக்கில் நீதிமன்றம் அவருக்கு அளித்தது ஒத்திவைக்கப்பட்ட தண்டனையே. அவர் சிறை செல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தும் பிழைப்பு அடைபட்டது. 1953ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவர் மாநில மது அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் தெரிந்துகொண்ட தொழிலைச் செய்ய இயலாமையையும், குற்றமறியாத மனைவி மக்கள் அதனாற் படும் துன்பத்தையும் எடுத்துரைத்து, மீண்டும் வேலைசெய்ய வழி கேட்டார். உலகம் போற்றிய இசைவாணர் ஒருவர் தமது வாத்தியத்தை வாசிக்க விடுமாறு மது அதிகாரிகளிடம் மன்றாடிய அக்கடிதம், இச்சட்டம் எதற்காகப் பயன்பட்டது என்பதற்குத் தக்க சான்றாகும். அதே ஆண்டில் அவருக்கு அட்டை கிடைத்தது. 1954ஆம் ஆண்டு அவருடைய சிறு மகள் நோயால் இறந்தாள். 1955ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் அவரும் மறைந்தார். அவருக்கு அப்பொழுது வயது 34.

பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கின் வரலாறும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1951ஆம் ஆண்டு, அவரும் அவருடைய தோழரான பட் பவலும் அமர்ந்திருந்த மோட்டார் வண்டியிற் போதைப்பொருள் அகப்பட்டது. தோழரைக் காட்டிக்கொடுக்க மறுத்த மங்க் சிறை சென்றார்; அட்டையையும் இழந்தார். தமது படைப்பாற்றல் உச்சத்திலிருந்த ஆறு ஆண்டுகளை அவர் அந்நகர விடுதிகளில் முறையான வேலையின்றிக் கழித்தார். இசைத்தட்டுப் பதிவிலும் வெளியூர் நிகழ்ச்சிகளிலும் கிடைத்த சொற்ப வருமானத்தோடு, மனைவி நெல்லியின் உழைப்பே குடும்பத்தைத் தாங்கிற்று. 1957ஆம் ஆண்டில் அட்டை மீண்டதும், ‘பைவ் ஸ்பொட்’ என்னும் சிறு விடுதியில் ஜோன் கொல்ட்ரேனுடன் பல மாதங்கள் அவர் வாசித்தார். ஜாஸ் வரலாற்றில் அம்மாதங்கள் ஒரு திருப்புமுனையென இன்று கொண்டாடப்படுகின்றன. அட்டை மறுக்கப்பட்ட ஆறாண்டுகளில் இத்தகைய எத்தனை இரவுகள் இழக்கப்பட்டன என்று எவர் கணக்கிடுவார்? அதன்மேலும் 1958ஆம் ஆண்டில், வேறு மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு கைதைக் காரணங்காட்டி அவரது அட்டை மறுபடியும் பறிக்கப்பட்டது. புரூபெக் குழுவினர் கொழும்புக்கு வந்ததும் அதே ஆண்டிலேதான்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். போதைப்பொருள் அந்நாளைய இசையுலகை உண்மையிலேயே பீடித்திருந்தது. ஆகவே அட்டை முறைக்கு ஒரு நியாயம் இருந்ததன்றோ எனச் சிலர் கேட்பர். நோய் இருந்தது உண்மை. ஆனால் நோயாளியின் வேலையைப் பறித்தல் மருத்துவமாகாது. நிலையான வேலையை இழந்தவன் நோயின் பிடியில் மேலும் இறுகுவானேயன்றி மீளான். அன்றியும், நீதிமன்றம் விசாரித்து அளவிட்டுத் தரும் தண்டனை ஒன்று. எழுத்தர் மேசையிலிருந்து அளவின்றித் தொடரும் தண்டனை மற்றொன்று. பின்னையதற்குக் குற்றச்சாட்டு வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை, முடிவுநாளும் இல்லை. அது சலுகையை மறுத்தல் என்றே பெயர் பெறும். ஒருவரின் தொழிலையே சலுகையாக மாற்றிவிட்டால், அவரைத் தண்டிக்க நீதிமன்றம் தேவைப்படாதன்றோ?

எதிர்ப்பும் எழுந்தது. பாடகர் பிராங்க் சினாட்ரா அட்டைக்கு விண்ணப்பிப்பதே இழிவென மறுத்தார். அவ்வாறு மறுக்கும் வசதி அவரது புகழுக்கும் செல்வத்துக்கும் உண்டு. நாட்கூலிக்கு வாசிப்பவருக்கு இல்லை. 1960ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், லோர்ட் பக்லி என்னும் மேடைக் கலைஞரின் அட்டையைப் பொலிசார் பறித்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கைதை அவர் விண்ணப்பத்திற் குறிப்பிடவில்லை என்பது காரணம். சில கிழமைகளில், நவம்பர் மாதம், அவர் இறந்தார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஒன்றுதிரண்டு குழு அமைத்துக் கண்டனங் கிளப்பினர். வழக்குகளும் பத்திரிகை விவாதங்களும் தொடர்ந்தன. ஈற்றில் 1967ஆம் ஆண்டில், ஜோன் லின்ட்சே மாநகர முதல்வராயிருந்தபொழுது, மாநகரசபை அட்டை முறையை ஒழித்தது. 27 ஆண்டுகள் அது நிலைத்திருந்தது.

அட்டை ஒழிந்தது; சட்டம் ஒழியவில்லை. கபரே அனுமதிப்பத்திரம் இல்லாத சிறு விடுதிகளும் உணவுச்சாலைகளும் எவ்வகை இசையை வழங்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. மூவருக்கு மேற்படாதோர் பியானோ, ஓர்கன், அக்கோர்டியன், கிற்றார், பிற நரம்புக்கருவிகள் ஆகியவற்றை வாசிக்கலாம். ஊதுகருவியும் முழவும் அவ்விலக்கில் அடங்கா. ஆகவே நரம்பிசைக் கலைஞர் மூவருக்குத் தடையில்லை. எக்காளமும் சக்சபோனும் முழவும் உள்ள ஜாஸ் குழுவுக்குத் தடை. 1739ஆம் ஆண்டில் தென் கரோலைனாவில் அடிமைகள் முழவு கொட்டி எழுச்சி செய்தமையால், அடுத்த ஆண்டு அங்கே ஆக்கப்பட்ட சட்டம் அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருத்தலைத் தடைசெய்தது. நியூயோர்க் நகரசபையினர் அச்சட்டத்தைப் பார்த்தெழுதினர் என நாம் சொல்லவில்லை. ஆயினும், எந்தக் கருவியின் ஒலி நாகரிகமானது, எது அமைதிக்குப் பங்கமானது என்ற தீர்ப்பு அடிமை முறையின் காலத்திலிருந்தே ஒரு குறித்த சமூகத்தாரின் காதுகளைக்கொண்டு வழங்கப்பட்டு வந்தது என்பதை மறுத்தல் இயலாது.

இவ்விதியை முறியடித்தவர் வைபிரபோன் என்னும் தட்டுக்கருவியை வாசிக்கும் வொரன் சியாசன் என்ற இசைவாணர். அவர் தொடுத்த வழக்கில் 1986ஆம் ஆண்டில் கருவிகளிடையே காட்டப்பட்ட பாகுபாடு சட்டவிரோதமெனத் தீர்க்கப்பட்டது. மூவருக்கு மேற்படலாகாது என்னும் வரம்பும் 1988ஆம் ஆண்டில் வீழ்ந்தது. இரைச்சலைத் தடுத்தலே நோக்கமென நகர நிருவாகம் வாதிட்டது. மின்பெருக்கி பூட்டிய ஒரு கிற்றாரின் ஒலி தெருவை அதிரச்செய்யும். ஒரு புல்லாங்குழல் அடுத்த மேசைக்கும் மெல்லவே கேட்கும். எனினும் முன்னையது அனுமதிக்கப்பட்டது, பின்னையது தடுக்கப்பட்டது. இரைச்சலை அளக்க வேண்டின் இரைச்சலையே அளக்கலாம். கருவியின் குலத்தை விசாரிக்க வேண்டியதில்லை.

இசை விடுபட்டபின்னும் நடனம் கட்டுண்டு கிடந்தது. தொண்ணூறுகளில் ருடொல்ப் ஜூலியானி மாநகர முதல்வராயிருந்தபொழுது, அனுமதியின்றி மக்கள் ஆடினர் எனக் காட்டி விடுதிகளைத் தண்டிக்க இப்பழைய சட்டமே பயன்பட்டது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், 44 வாக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில், மாநகரசபை அதனை நீக்கத் தீர்மானித்தது. அவ்வேளை நகரில் உணவும் மதுவும் விற்கும் இடங்கள் ஏறத்தாழ 25,000. அவற்றுள் கபரே அனுமதிப்பத்திரம் உடையவை 97 மட்டுமே எனச் செய்தித்தாள்கள் கூறின. ஏனைய இடங்களில் எவருமே ஆடவில்லை என்று எண்ணுவதற்கில்லை. பெரும்பாலோர் மீறும் சட்டம், அதிகாரி விரும்பியபொழுது விரும்பியவர்மேற் பாய்வதற்கு வாய்ப்பாயிருக்கும். 91 ஆண்டுகள் அது அவ்வாறே இருந்தது.

இன்று நிலைமை எவ்வாறுளது? நியூயோர்க்கில் இசை விடுதி தொடங்குவோர் மாநில மது அதிகாரசபைக்குச் செய்யும் விண்ணப்பத்தில், தமது இடத்தில் நேரடி இசை உண்டா, இசைத்தட்டா என்று இன்றும் கூறவேண்டும். விண்ணப்பிப்பதற்கு 30 நாள் முன்னரே அயலவர் சபைக்கு அறிவித்தல் வேண்டும். அதே வீதியில் 200 அடிக்குள் பாடசாலையோ வழிபாட்டிடமோ இருப்பின் எல்லா வகை மதுவும் விற்கும் அனுமதி பொதுவாகக் கிடையாது. 500 அடிக்குள் அத்தகைய இடங்கள் மூன்றோ கூடவோ இருப்பின், பொதுநலனைக் காட்டி விசாரணையில் வாதாட வேண்டும். இவற்றை முற்றாகப் பழித்தல் நேர்மையாகாது. அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு உறக்கம் வேண்டும். பாடசாலைச் சூழலுக்கு அமைதி வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். அயலவர் வாய்திறக்கும் உரிமை குடியாட்சியின் ஓர் அங்கமே. ஆயினும் விண்ணப்பமும் விசாரணையும் சட்டத்தரணியும் பணமும் காலமும் விழுங்குவன. விசாரணை நடக்கும் மாதங்களிலும் வாடகை கொடுத்தாக வேண்டும். அதைத் தாங்கும் வல்லமை பெருமூலதனத்துக்கு உண்டு. இருபது நாற்காலியும் ஒரு பழைய பியானோவும் வைத்துத் தொடங்க எண்ணும் இளைஞருக்கு இல்லை. பொலிஸ் அட்டை செய்த தெரிவை இன்று பெரும்பகுதி பணமே செய்துவிடுகின்றது.

இவ்வரலாறு காட்டும் உண்மையைத் தொகுத்துரைப்போம். மதுவுக்குச் சட்டம் வேண்டும். குடிவகையின் தரம், விற்கும் நேரம், சிறுவருக்கு விற்காமை, ஒலியின் அளவு, கட்டடத்தின் பாதுகாப்பு ஆகியன யாவும் அளந்து கட்டுப்படுத்தக் கூடியன. அவற்றை அளவிடுதல் அரசின் கடமை. ஆனால் அனுமதிப்பத்திரம் அளவிடக்கூடிய செயலை விட்டு, மனிதரின் ‘நல்லொழுக்கம்’ என்னும் அளவிட முடியாத ஒன்றைத் தேடத் தொடங்கும்பொழுது, அது வர்க்கத்தையும் நிறத்தையும் சாதியையுமே கண்டுபிடிக்கும். அப்பொழுது அதற்கெதிராகப் போராடுதலும் கடினம். ஏனெனில் வெளிப்பார்வைக்கு அங்கே ஒடுக்குமுறை இல்லை, ஒரு படிவமும் ஒரு கட்டணமும் மட்டுமே உண்டு. அட்டை முறை ஒழிய 27 ஆண்டுகளும், கருவித்தடை ஒழிய அதற்குப்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளும், நடனத் தடை ஒழிய மேலும் முப்பது ஆண்டுகளும் சென்றன. ஒவ்வொரு படியிலும் இசைவாணரும் எழுத்தாளரும் சட்டத்தரணிகளும் இணைந்து நின்றதாலேயே அடுத்த படி சாத்தியமாயிற்று.

ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேதைகளின் ஆற்றலையும் அவர்களின் சோக முடிவுகளையும் பேசுகின்றனர். அம்மேதைகள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டனர் என்ற கதை கேட்பதற்கு உருக்கமானது, ஆள்வோருக்கு வசதியானதும்கூட. அக்கதையோடு, 1953ஆம் ஆண்டில் ஓர் இசைவாணர் மது அதிகாரசபைக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். கலைஞனின் வறுமைக்கு அவனுடைய குணத்தைக் காரணங்காட்டும் பாடப் பகுதி எதனையும் வகுப்பறையிற் கற்பிக்கும்பொழுது, அவன் வாசித்த மேடை எவருடையது, அதற்கு அனுமதி தந்தவர் எவர், எந்த நிபந்தனையின் பேரிற் தந்தார் என்ற மூன்று வினாக்களையும் நம் மாணவர் எழுப்பப் பழகுவாராக. விடைகளைத் தேடப் புகின், நம் நாட்டுக் கலைகளின் வரலாற்றிலும் அவர்கள் ஆராயவேண்டிய ஏடுகள் பல உள.